அளவுகோலுக்கும் எடை உண்டு

ஒரு மீட்டர் அளவுகோல், நிறை தெரிந்த ஓர் எடைக்கல், கொஞ்சம் நூல், அளவுகோலைத் தாங்க ஒரு கத்தி முனை, அதாவது கத்தி அலகுபோல் கூரிய விளிம்புள்ள தாங்கி. இவ்வளவு இருந்தால் போதும். ஒரு கல்லின் நிறையை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிடலாம். ஆய்வகச் செய்முறைகளில் இதை எளிதானது என்று ஒதுக்கி அவசரமாக முடித்துவிடுவது வழக்கம். விடை எப்படியும் சரியான விடைக்கு அருகில் வந்துவிடுகிறது. அதனால் எங்கே பிசகியது என்று யாரும் தேடுவதில்லை. தேடினால் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்போம். கல், எடைக்கல் இரண்டையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவதாக ஒரு பொருள் அங்கே கிடக்கிறது. அது அளவுகோல். மரத்தாலான மீட்டர் அளவுகோலே நூறு கிராமைத் தாண்டும். கல்லின் அளவுக்குக் கனமான ஒன்றைக் கணக்கில் விட்டுவிட்டு விடை சரியாக வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தத்துவம் தெரிந்ததுதான். ஒரு விசை ஒரு புள்ளியைச் சுற்றிப் பொருளைத் திருப்பும் ஆற்றல், விசையின் அளவையும் அந்தப் புள்ளியிலிருந்து விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கினால் கிடைக்கும். அதுவே திருப்புத்திறன். பொருள் சமநிலையில் இருக்கும்போது, வலஞ்சுழித் திருப்புத்திறன்களின் கூடுதல் இடஞ்சுழித் திருப்புத்திறன்களின் கூடுதலுக்குச் சமம். நெம்புகோலின் இந்த விதியை கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் வடிவியல் முறையில் நிறுவியிருக்கிறார்: இரண்டு எடைகள் சமநிலையில் நிற்கும் தொலைவுகள், அந்த எடைகளுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும்.

விசை என்று எழுதும்போது இரு பக்கமும் நிறை × புவிஈர்ப்பு முடுக்கம் × தொலைவு என்று வரும். முடுக்கம் இரு பக்கமும் ஒன்றே, அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது நிறை × தொலைவு மட்டும். எனவே இந்த முறை அளப்பது நிறையை, எடையை அல்ல. ஈர்ப்பு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காக இருக்கும் நிலவில் செய்தாலும் இதே விடைதான். கிராமில் குறியிட்ட சுருள்வில் தராசு அங்கே ஆறில் ஒரு பங்கைக் காட்டும். கணக்கில் நியூட்டனுக்கு மாற்றிப் பிறகு திரும்ப மாற்றுகிறவர்கள் வீண் வேலை செய்கிறார்கள். கிராமையும் சென்டிமீட்டரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: அளவுகோலை மட்டும் நிறுத்துவது

எதையும் தொங்கவிடுவதற்கு முன் அளவுகோலைத் தனியாகக் கத்தி முனையில் நிறுத்துங்கள். அது நிற்கும் இடம்தான் அதன் ஈர்ப்பு மையம். 50.0 செ.மீ. குறியில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரத்தின் அடர்த்தி ஒரே சீராக இருப்பதில்லை, ஒரு முனை தேய்ந்திருக்கும், ஒரு முனையில் தொங்கவிட ஓட்டை போட்டிருப்பார்கள். 49.7 என்றோ 50.2 என்றோ வருவது சாதாரணம். அந்த இடத்தில் அளவுகோலின் குறுக்கே பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு எடைகளை மாட்டும்போது அளவுகோல் நழுவினால், நழுவியது என்பதை அந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும்.

கத்தி முனை அளவுகோலின் நீளத்துக்குச் செங்குத்தாக இருக்கவேண்டும். சாய்வாக இருந்தால் அளவுகோலின் ஒரு விளிம்பில் 49.5, மறு விளிம்பில் 49.9 என்று காட்டும். இரண்டு விளிம்பையும் பார்த்துவிட்டால் இந்தப் பிசகு உடனே தெரியும்.

ஈர்ப்பு மையத்திலேயே கத்தி முனை இருந்தால் அளவுகோலின் எடை நேராக ஆதாரப்புள்ளியின் வழியாகவே இறங்கும்; தொலைவு சுழி, திருப்புத்திறனும் சுழி. அளவுகோலைக் கணக்கில் விட்டுவிட அனுமதி கிடைப்பது இந்த ஓர் இடத்தில் மட்டும்தான். இலேசான பக்கத்தில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி ஈர்ப்பு மையத்தைச் சரியாக 50.0க்கு நகர்த்துகிறவர்களும் உண்டு. கழித்தல் கணக்கு எளிதாகும். ஆனால் வேலை முடியும்வரை அந்த உருண்டை இம்மியும் நகரக்கூடாது. அதற்குப் பயந்துகொண்டிருப்பதைவிட 49.7ஐயே ஏற்றுக்கொள்வது மேல்.

நூலும் கொக்கியும்

கல்லை அளவுகோலின் மேல் வைக்காதீர்கள். வைத்தால் அதன் ஈர்ப்பு மையத்தின் நேர்க்கீழே எந்தக் குறி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஒழுங்கற்ற உருவமுள்ள கல்லில் இந்தப் பிசகு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்கலாம். ஒரே நூலில் தொங்கவிட்டால் கல் எப்படித் திரும்பினாலும் அதன் ஈர்ப்பு மையம் நூலின் நேர்க்கீழே வந்து நின்றுவிடும். நூல் இருக்கும் குறியே விசையின் கோடு. இரண்டு நூலில் கட்டினால் இந்த நன்மை போய்விடும்.

பருத்தித் தையல் நூல் இதற்கு ஏற்றது. நைலான் வழுக்கும், அளவுகோல் சற்றே சாய்ந்தாலும் வளையம் தாழ்ந்த பக்கம் ஓடிவிடும். வளையத்தை அளவுகோல் உள்ளே நுழையும் அளவுக்குக் கட்டி, முடிச்சு கீழே வரும்படி விடுங்கள். சணல்போலத் தடித்த கயிற்றுக்கு அகலமும் இருக்கிறது, நிறையும் இருக்கிறது, இரண்டும் வேண்டாம். நூல் அளவுகோலின் குறியை மறைக்கும் என்பதால் நூலின் இரு பக்கமும் பார்த்து நடுவை வாசியுங்கள். கண் குறிக்கு நேர் எதிரே இருக்கட்டும். நூல் அளவுகோலோடு ஒட்டியே இருப்பதால் இடமாறு தோற்றப் பிழை (சாய்வாகப் பார்ப்பதால் குறி இடம் மாறித் தெரிவது) இங்கே பெரிதாக வராது; கத்தி முனையின் இடத்தை வாசிக்கும்போதுதான் வரும், ஏனென்றால் குறிகள் மேல்பரப்பிலும் முனை அடியிலும் இருக்கின்றன.

எடைத்தாங்கியில் எடைகளைச் செருகுகிறீர்கள் என்றால் தாங்கியின் நிறையையும் சேர்க்கவேண்டும். கண்ணெதிரே இருந்தும் கணக்கில் விட்டுப்போகிற பொருள் இதுவே. எடைக்கல்லின் மேல் பொறித்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். விளிம்பு உடைந்த கல், துருவேறிய கல் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. எடைக்கல்லில் உள்ள ஒரு விழுக்காடு பிழை அப்படியே விடையில் ஒரு விழுக்காடாக இறங்கும். எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அது குறையாது.

தொங்கும் பொருள்கள் மேசையைத் தொடாத உயரத்தில் கத்தி முனை இருக்கவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

சமநிலை எங்கே?

இந்த இடத்தில்தான் பொறுமை போகும். அளவுகோல் கிடையாக வந்து அமைதியாக நிற்கும் என்று காத்திருக்கிறோம். அது நிற்பதே இல்லை. இப்பக்கம் விழுகிறது, ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் அப்பக்கம் விழுகிறது. இதில் உங்கள் கைமேல் குற்றமில்லை. தட்டையாகக் கிடக்கும் அளவுகோலின் ஈர்ப்பு மையம், கத்தி முனைக்கு மேலே, பலகைத் தடிப்பின் பாதி உயரத்தில் இருக்கிறது. வளையங்களும் மேல்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆதாரத்துக்கு மேலே ஈர்ப்பு மையம் இருந்தால் அது உறுதியற்ற சமநிலை. இம்மி சாய்ந்தாலும் மேலும் சாயவே செய்யும்.

எனவே நிற்கும் இடத்தைத் தேடாதீர்கள், விழும் இடங்களைத் தேடுங்கள். எடைக்கல்லின் வளையத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வெளியே தள்ளுங்கள். எந்தக் குறியில் அந்தப் பக்கம் சாய்கிறது என்று குறியுங்கள். பிறகு உள்ளே இழுத்து, எதிர்ப்பக்கம் சாயும் குறியையும் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் சமநிலைப் புள்ளி. 82.1இல் ஒரு பக்கமும் 82.7இல் மறுபக்கமும் சாய்ந்தால் 82.4 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடைவெளியின் அகலம் கத்தி முனையின் கூர்மையையும் சொல்லிவிடும். முனை மழுங்கி 2 மி.மீ. அகலத்துக்குத் தட்டையாகிவிட்டது என்று வையுங்கள். அளவுகோல் 120, கல் 80, எடைக்கல் 100, ஆக 300 கிராம் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. மொத்தத்தின் ஈர்ப்பு மையம் அந்த 2 மி.மீ.க்குள் எங்கே இருந்தாலும் அளவுகோல் அசையாது. நடுவிலிருந்து 0.1 செ.மீ. என்றால் 300 × 0.1 = 30 கிராம்-செ.மீ. திருப்புத்திறன் வரை அது பொருட்படுத்தாது. 100 கிராம் எடைக்கல்லை அங்கிட்டும் இங்கிட்டும் 0.3 செ.மீ. நகர்த்தினாலும் ஒரு மாற்றமும் தெரியாது. மழுங்கிய முனையில் ‘அப்பாடா, நின்றுவிட்டது’ என்று முதல் இடத்திலேயே வாசிப்பை எடுத்துக்கொண்டால் 3 மி.மீ. வரை பிசகக் காரணம் இதுதான். பார்வைக்கு ஒத்துழைக்கிற முனையைவிட, நிற்க மறுக்கிற முனையே நல்ல முனை.

அளவுகோல் தானாகவே வந்து நிற்கவேண்டும் என்றால் ஆதாரம் மேலே போகவேண்டும். அளவுகோலை விளிம்பில் நிறுத்தி, ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே, மேல் விளிம்பை ஒட்டி ஒரு சிறு துளையிட்டு ஊசியில் மாட்டினால் அது உறுதியான சமநிலைக்கு வரும், ஊசலாடி நின்றுவிடும். துளை மேலே போகப்போக நுண்ணுணர்வு குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அளவுகோல் மிகச் சரியாகக் கிடையாக இருந்தே தீரவேண்டும் என்ற கவலை அளவுக்கு மீறியது. சாய்ந்தால் இரு பக்கச் செங்குத்துத் தொலைவும் சாய்வுக் கோணத்தின் கோசைனால் பெருக்கப்பட்டு ஒரே விகிதத்தில் குறைகின்றன. அந்த கோசைன் இரு பக்கமும் அடிபட்டுவிடும். சாய்வின் உண்மையான தொல்லை வளையம் நழுவுவதும், மேலே சொன்ன உயர வேறுபாடு கணக்கில் புகுவதும்தான். மேசையிலிருந்து இரு முனைகளின் உயரத்தை அளந்து, சில மில்லிமீட்டருக்குள் ஒத்துவந்தால் போதும்.

தொலைவுகளை எங்கிருந்து அளப்பது

ஆதாரப்புள்ளியிலிருந்து. அளவுகோலின் முனையிலிருந்து அல்ல. கத்தி முனை 49.7, கல் 9.7 என்றால் கல்லின் தொலைவு 40.0. எல்லாத் தொலைவும் இப்படிக் கழித்தே வருவதால், அளவுகோலின் சுழி முனை தேய்ந்திருந்தாலும் பாதகமில்லை.

தொலைவுகள் பெரிதாக இருக்கட்டும். ஒவ்வொரு தொலைவிலும் 1 மி.மீ. பிசகும் என்று வைப்போம். கல் 40 செ.மீ.யிலும் எடைக்கல் 32 செ.மீ.யிலும் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.6 விழுக்காடு; 80 கிராம் கல்லில் சுமார் அரை கிராம். அதே கல் 15இலும் எடைக்கல் 12இலும் இருந்தால் பிழை 1.5 விழுக்காடு, ஒரு கிராமைத் தாண்டிவிடும். இரண்டு தொலைவும் சேர்ந்து பெரிதாக வேண்டுமானால் எடைக்கல் கல்லின் நிறைக்கு அருகில் இருக்கவேண்டும். கையில் தூக்கிப்பார்த்து ஒரு மதிப்பீடு செய்துகொண்டு எடைக்கல்லைத் தேர்ந்தெடுங்கள். 20 கிராம் பொருளுக்கு 200 கிராம் எடைக்கல்லை வைத்தால், அந்த எடைக்கல் கத்தி முனையிலிருந்து 5 செ.மீ.க்குள் ஒடுங்கிவிடும். அங்கே ஒரு மில்லிமீட்டர் என்பதே இரண்டு விழுக்காடு.

ஒளிந்திருக்கும் பிழையும் வரைபடமும்

இப்போது மூன்றாவது எடைக்கு வருவோம். ஈர்ப்பு மையம் 49.7இல் இருக்கிறது, நாமோ பார்க்காமல் கத்தி முனையை 50.0இல் வைத்துவிட்டோம். வெறும் 3 மி.மீ. தானே? அளவுகோலின் நிறை 120 கிராம் என்றால் 120 × 0.3 = 36 கிராம்-செ.மீ. இடப்பக்கம் சேர்ந்துகொள்கிறது. கல் 80 கிராம், அதுவும் இடப்பக்கம். 100 கிராம் எடைக்கல் வலப்பக்கம். கல்லை 40 செ.மீ.யில் தொங்கவிட்டால் எடைக்கல் 32.0இல் நிற்கவேண்டியது, 32.4இல் போய் நிற்கும். விடை 81 கிராம். கல்லை 15 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் எடைக்கல் 12.0க்குப் பதில் 12.4, விடை 82.7 கிராம். கல் அதே கல்தான். தொலைவு குறையக்குறைய அதன் ‘நிறை’ கூடிக்கொண்டே போகிறது. வாசிப்புகள் இப்படி ஒரே திசையில் நகர்ந்தால் அது கைப்பிசகு அல்ல, ஆதாரப்புள்ளியின் பிசகு. அவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பதால் ஒன்றும் சரியாகாது. சராசரியும் கூடுதலாகவே வரும்.

சரியாக்குவது வரைபடம். கல்லின் தொலைவை 15, 20, 25, 30, 35, 40 என்று ஐந்தைந்தாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் எடைக்கல்லின் தொலைவைக் கண்டு, கல்லின் தொலைவைக் கிடை அச்சிலும் எடைக்கல்லின் தொலைவைக் குத்தச்சிலும் வையுங்கள். மேலே சொன்ன கணக்கில் எடைக்கல்லின் தொலைவு 12.4, 16.4, 20.4, 24.4, 28.4, 32.4 என்று வரும். சாய்வு (32.4 − 12.4) ÷ (40 − 15) = 0.800. அதை 100 கிராமால் பெருக்கினால் 80 கிராம். 3 மி.மீ. பிசகு சுவடே இல்லாமல் விலகிவிட்டது. காரணம் எளியது. அளவுகோலின் திருப்புத்திறன் எல்லா வாசிப்பிலும் ஒரே அளவாகச் சேர்கிறது; மாறாத ஒன்று கோட்டை மேலே தூக்குமே தவிர, அதன் சாய்வை மாற்றாது.

தூக்கிய அளவு வெட்டுத்துண்டாகக் குத்தச்சில் தெரியும். இங்கே ஏறத்தாழ 0.4 செ.மீ. அதாவது கோடு ஆதியின் (இரு அச்சுகளும் வெட்டும் புள்ளியின்) வழியே போகவில்லை என்றால் அது தோல்வி அல்ல, தகவல். அதை வலுக்கட்டாயமாக ஆதியின் வழியே இழுத்து வரைகிறவர்கள், வரைபடம் கண்டுபிடித்துக் கொடுத்த பிழையைத் திரும்ப விடைக்குள் போட்டுவிடுகிறார்கள். சாய்வு எடுக்கும்போது கோட்டின் மேல் முடிந்தவரை விலகிய இரண்டு புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள்.

ஆறு வாசிப்புக்கு நேரம் இல்லையா? இடம் மாற்றும் முறை இருக்கிறது. கல்லை 40 செ.மீ.யில் இடப்பக்கம் வைத்து எடைக்கல்லின் தொலைவைக் காணுங்கள்: 32.4. பிறகு கல்லை வலப்பக்கம் அதே 40 செ.மீ.க்கு மாற்றி, எடைக்கல்லை இடப்பக்கம் கொண்டுபோங்கள். இப்போது அளவுகோலின் எடை எடைக்கல்லுக்கு உதவுகிறது, தொலைவு 31.6. இரண்டின் சராசரி 32.0, நிறை 80 கிராம். இரண்டே வாசிப்பில் பிழை அறவே நீங்குகிறது. என்னைக் கேட்டால், நிறை மட்டும் வேண்டும் என்கிறபோது இதுதான் சிறந்த வழி.

எதையுமே நம்பாதவர்களுக்குப் பதிலீட்டு முறையும் உண்டு. கல்லை ஒரு பக்கம் தொங்கவிட்டு, மறுபக்கம் எதையாவது தொங்கவிட்டு நிறுத்துங்கள். பிறகு கல்லை மட்டும் எடுத்துவிட்டு, அதே வளையத்தில் எடைக்கற்களை மாட்டி மறுபடி சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த எடைக்கற்களின் நிறையே கல்லின் நிறை. தொலைவே அளக்கவேண்டாம். சின்னச் சின்ன எடைக்கற்கள் நிறைய வேண்டும் என்பதுதான் இதன் குறை.

அளவுகோலையே எடைக்கல்லாக்குதல்

இவ்வளவு நேரம் தொல்லையாக இருந்த அளவுகோலின் எடையை வேலை வாங்கவும் முடியும். கத்தி முனையை ஈர்ப்பு மையத்திலிருந்து வேண்டுமென்றே நகர்த்தினால், ஒரு பக்கம் தொங்கும் கல்லை மறுபக்கம் அளவுகோலின் எடையே சமன்செய்துவிடும். முதலில் அளவுகோலின் நிறை தெரியவேண்டும். 100 கிராமை 10.0 செ.மீ. குறியில் தொங்கவிட்டு, அளவுகோலை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். 31.7இல் நின்றது என்றால் எடைக்கல்லின் தொலைவு 21.7, ஈர்ப்பு மையத்தின் தொலைவு 49.7 − 31.7 = 18.0. அளவுகோலின் நிறை 100 × 21.7 ÷ 18.0 = 120.6 கிராம். பிறகு எடைக்கல்லை எடுத்துவிட்டு அதே 10.0இல் கல்லைத் தொங்கவிடுங்கள். 33.8இல் நின்றால் 120.6 × 15.9 ÷ 23.8, அதாவது 80.6 கிராம்.

கையில் ஒரே ஒரு வளையம் இருந்தால் போதும் என்பது இதன் அழகு. ஆனால் கத்தி முனையின் இடத்தில் 1 மி.மீ. பிசகினால் ஒரு தொலைவு கூடி மற்றொன்று குறைகிறது. இரண்டும் சேர்ந்து விடையை ஒரே பக்கம் இழுக்கும். மேலே உள்ள எண்களில் அது ஒரு விழுக்காட்டைத் தொடும். அளவுகோலின் நிறையைக் கண்டதில் வந்த பிழை இதோடு சேரும்.

நிறை கண்டபிறகு அமைப்பைக் கலைத்துவிடாதீர்கள். கத்தி முனையை ஈர்ப்பு மையத்தில் வைத்து, கல்லை 40 செ.மீ.யில் தொங்கவிட்ட நிலையிலேயே கீழே ஒரு பீக்கர் தண்ணீரைக் கொண்டுவந்து கல்லை முழுவதும் மூழ்கவிட்டால் ஒப்படர்த்தியும் (கல்லின் அடர்த்தி தண்ணீருடையதைப்போல் எத்தனை மடங்கு என்பது) கிடைத்துவிடும். காற்றில் எடைக்கல்லின் தொலைவு 32.0, தண்ணீரில் 19.2 என்றால், 32.0 ÷ (32.0 − 19.2) = 2.5. இந்தக் கணக்கில் எடைக்கல்லின் நிறையே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறை தெரியாத எந்தப் பொருளை மறுபக்கம் தொங்கவிட்டாலும் சரி, வேலை நடக்கும். கழித்தலில் வரும் 12.8இல் இரண்டு வாசிப்பின் பிழையும் சேர்வதால் விடை ஒன்றரை விழுக்காடு அளவுக்கு ஆடும். கல் பீக்கரின் சுவரையோ அடியையோ தொட்டால் அளவு பாழ். கல்லில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ் கல்லைத் தூக்கும். ஒப்படர்த்தி குறைவாக வரும். நூலை மெல்லத் தட்டிக் குமிழ்களை விரட்டுங்கள். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும் என்பதால் இங்கே மட்டும், வளையத்துக்குக் கீழே தண்ணீரில் இறங்கும் பகுதிக்கு, மெல்லிய நைலான் நூலைக் கட்டிக்கொள்ளுங்கள்.